கணினி வானில் மலைநாடு

நுவரெலியாவில் சித்திரைப் பருவகாலம் தொடங்கியதும், மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம் ஆகியவற்றோடு மற்றுமொரு பந்தயத்தைக் காணவும் மக்கள் திரள்வர். மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் என்பது அதன் பெயர். 1934ஆம் ஆண்டில் முதன்முதலாக நடைபெற்ற இப்பந்தயத்தில், தேயிலைச் சரிவினூடே வளைந்து மேலேறும் பாதையொன்றில் மோட்டார் வாகனங்கள் விரைந்தேறும். குறைந்த நேரத்தில் உச்சிக் கோட்டைக் கடந்தவரே வென்றவர்.

அப்பாதை பந்தயத்துக்கென வெட்டப்பட்டதன்று. மற்றை நாட்களிற் சாதாரண வண்டிகள் சென்றுவரும் பாதைதான் அது. கீழே ஒரு கோடு, மேலே ஒரு கோடு, நேரங்காட்டும் கடிகாரம் ஒன்று, எவரும் மீறக்கூடாத சில விதிகள். இவ்வளவும் சேர்ந்தவுடன் அதே பாதை வேறொன்றாகி விடுகிறது. மண்ணிலோ கல்லிலோ எதுவும் மாறவில்லை. மனிதர் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு மாத்திரமே புதியது.

கணினிக்குள் அமைந்துள்ள உலகங்களிலும் இதே வித்தையைச் செய்யலாம். மலைநாட்டு இளைஞர் பலர் இன்று கணினியிலும் கைத்தொலைபேசியிலும் விளையாடுகின்றனர். அவ்விளையாட்டுகளுள் இரு வகை உண்டு. ஒரு வகையில், ஆடுவோர் செய்யவேண்டியது யாது என்பதனை ஆக்கியோரே வகுத்துவிடுவர். பரமபதத்தில் காய் நகர்த்துபவர் பாம்பையும் ஏணியையும் இடம் மாற்ற முடியாததுபோல, அங்கே வழி ஒன்றே. மற்றை வகை, வீடு கட்டும் இடத்தில் கொட்டிக் கிடக்கும் மணலைப் போன்றது. சிறுவர் அதில் இறங்கினால் ஒருவன் கோட்டை கட்டுவான். ஒருத்தி கிணறு தோண்டுவாள். மூன்றாமவன் இரண்டையும் மிதித்துவிட்டு ஓடுவான். மணல் எவருக்கும் கட்டளையிடுவதில்லை. இத்தகைய விளையாட்டுகளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரும் மணற்பெட்டி என்றே பொருள்படும்.

இந்தச் சுதந்திரத்துக்கு ஒரு குறையும் உண்டு. முதல் நாள் வியப்பாக இருக்கும். இரண்டாம் நாள் சுற்றிப் பார்த்தலிற் கழியும். மூன்றாம் நாள் ‘இனி என்ன?’ என்ற கேள்வி எழும். எங்கும் போகலாம் என்றால் எங்குப் போவது என்பது புலப்படாது. இக்கேள்விக்கு விடை கண்டவர்கள் பெரும்பாலும் விளையாட்டை ஆக்கிய நிறுவனத்தார் அல்லர், ஆடியவர்களே. கட்டைகளை அடுக்கி உலகமைக்கும் மைன்கிராஃப்ட் என்னும் விளையாட்டில், 2011ஆம் ஆண்டில், ஆடுபவர் ஒருவர் வானத்தில் மிதக்கும் சிறுதீவொன்றை அமைத்தார். ஒரு மரம், சிறிது மண், இன்னுஞ் சில பொருட்கள் மாத்திரமே அதில் உண்டு. கூடவே, ‘இதைச் செய்க, அதை ஆக்குக’ என்று ஒரு பட்டியலையும் எழுதி வைத்தார். எல்லையற்ற உலகத்தில் அலுத்துப் போனவர்கள், நாலடி நிலத்தில் நாட்கணக்காக மூழ்கிக் கிடந்தனர். அந்த எழுத்துப் பட்டியலுக்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவைப்படவில்லை.

இனி மலைநாட்டுக்கு வருவோம். பூவுலகம் முழுவதையும் கணினிக்குள் அமைத்து, அதன்மேல் விமானம் ஓட்டிப் பழக உதவும் விளையாட்டுகள் உள்ளன. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் 1982இல் வெளியிடத் தொடங்கிய வரிசை அவற்றுள் பெயர் பெற்றது. ஃப்ளைட்கியர் என்ற மற்றொன்று, தன்னார்வலர் பலர் கூடி 1997 முதல் ஆக்கி வருவது. விலை எதுவும் இன்றிக் கிடைப்பது. இவ்வுலகங்களில் இலண்டனும் நியூயோர்க்கும் இருப்பது போலவே அட்டனும் தலவாக்கலையும் மஸ்கெலியாவும் இருக்கின்றன. எவரும் அவற்றைத் தனியே தேர்ந்து வரைந்து வைக்கவில்லை. அப்படியாயின் அவை அங்கே எவ்வாறு புகுந்தன?

2000ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் எண்டவர் என்னும் அமெரிக்க விண்ணோடம் பதினொரு நாள் பூமியை வலம்வந்தது. அதிற் பொருத்தப்பட்டிருந்த றேடார்க் கருவிகள் வானொலி அலைகளைக் கீழே செலுத்தின. நிலத்திற் பட்டுத் திரும்பிய அலைகளை, 60 மீட்டர் நீளமான கம்பமொன்றின் இரு முனைகளிலும் இருந்த வாங்கிகள் பெற்றன. இரு முனைகளுக்கும் வந்துசேர்ந்த அலைகளுக்கிடையே இருந்த நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டு கீழுள்ள நிலத்தின் உயரத்தைக் கணித்தனர். மனிதனுடைய இரு கண்களும் சேர்ந்து ஒரு பொருளின் தொலைவை உணர்வதற்கு இதனை ஒருவாறு ஒப்பிடலாம். உலகின் மக்கள் வாழும் நிலப்பரப்பிற் பெரும்பகுதி இவ்வாறு அளக்கப்பட்டது. பிதுருதலாகலையின் 2,524 மீட்டரும், சிவனொளிபாதமலையின் 2,243 மீட்டரும், தேயிலை மூடிய எண்ணற்ற சரிவுகளும் அந்தச் சில நாட்களில் எண்களாக மாறின.

எண்களாக மாறியபோது இழந்தனவும் உண்டு. அவ்வளவையில் நிலம் ஏறத்தாழ 30 மீட்டர்ச் சதுரங்களாகப் பகுக்கப்பட்டது. பொதுமக்களுக்கு நெடுங்காலம் கிடைத்ததோ 90 மீட்டர்ச் சதுரங்கள்தாம். ஆகவே, கூரிய சிகரங்கள் சற்று மழுங்கிப் போயின. றேடார் அலை நீருக்குள் ஊடுருவாது. ஆகவே நீர்த்தேக்கங்கள் வெறும் சமதரையாகவே பதிவாயின. மவுசாகலை அணை கட்டப்பட்டபோது நீரில் மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரம், கடும் வரட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது தன் பழைய கோயிலையும் விகாரையையும் வெளிக்காட்டுவதுண்டு. கணினியுலகத்து மவுசாகலையில் எத்தனை வரட்சி வந்தாலும் அக்கோயில் தோன்றாது. சவாலை வகுப்பவர் இவற்றை நினைவில் வைத்தல் நன்று. ‘சிவனொளிபாதமலை உச்சிக்கு மேலே பத்து மீட்டர் இடைவெளியிற் பறக்க வேண்டும்’ என விதிப்பது பொருளற்றது. அங்கே அந்த உச்சியே பத்து மீட்டர் பிசகியிருக்கலாம்.

சவால் ஒன்றினை எவ்வாறு வகுப்பது? எடுத்துக்காட்டாக ஒன்றைப் பார்ப்போம். பிதுருதலாகலைக்கு மேலே வானத்தில் ஒரு சிறு விமானம். அதன் எஞ்சின் நிறுத்தப்படுகிறது. மேற்குத் தென்மேற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், கெஹெல்கமு ஓயாவை மறித்து 1965இல் நிறைவுற்ற காசல்ரீ நீர்த்தேக்கம் இருக்கிறது. எஞ்சின் இன்றியே சறுக்கிச் சென்று அந்நீரில் இறங்க வேண்டும். இதில் கற்பனை மிகையன்று. காசல்ரீயில் கடல்விமானங்கள் உண்மையாகவே இறங்கியதுண்டு.

எந்த உயரத்திலிருந்து தொடங்குவது என்பதே இங்கு முதற் கேள்வி. செஸ்னா 172 என்னும் நால்வர் அமரும் விமானம், எஞ்சின் நின்றபின் ஒரு மீட்டர் தாழ்வதற்குள் ஒன்பது மீட்டர் முன்செல்லும். காசல்ரீயின் நீர்மட்டம் கடலிலிருந்து சுமார் 1,090 மீட்டர். பிதுருதலாகலை உச்சியின் மட்டத்திலிருந்தே புறப்பட்டால், தாழ்வதற்கு உள்ள உயரம் 1,434 மீட்டர். அதை ஒன்பதாற் பெருக்கினால் 13 கிலோமீட்டர்கூட இல்லை. பாதி வழியிலேயே ஏதோவொரு தேயிலை மலையில் விமானம் மோதிவிடும். இருபத்தைந்து கிலோமீட்டரையும் கடக்க வேண்டுமானால் 2,780 மீட்டர் உயரம் தாழ இடம் வேண்டும். ஆகவே தொடக்க உயரம் சுமார் 3,870 மீட்டர். இவ்விமானத்தின் பழைய வகையொன்று தானாக ஏறக்கூடிய உச்ச உயரமே 13,000 அடி, அதாவது 3,960 மீட்டர். உண்மை விமானம் மூச்சுவாங்கி எட்டும் உயரம் அது. கணினியுலகில் ஏறும் வேலை இல்லை; அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், திசை, வேகம் ஆகியவற்றை முன்னரே குறித்துவிட்டால், ஆட்டம் அவ்விடத்திலேயே தொடங்கும்.

கணக்கு இவ்வளவில் முடியவில்லை. நீரில் இறங்குவதற்கு மிதவை பூட்டிய விமானம் வேண்டும். மிதவைகள் காற்றை எதிர்க்கும். ஒன்பது என்ற எண் குறைந்துபோகும். பாதி வழியில் வலப்புறத்தே கிரேட் வெஸ்டர்ன் மலை 2,216 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. அந்தக் கட்டத்தில் விமானம் ஏறத்தாழ 2,480 மீட்டரில் இருக்குமாதலால், திசை தவறி வலப்பக்கம் சாய்ந்தவர் அம்மலைக்கு அஞ்ச வேண்டும். காற்றையும் மறத்தலாகாது. தென்மேற்குப் பருவக்காற்று எதிர்முகமாக வீசினால் இலக்கு எட்டாது. வடகிழக்குக் காற்று பின்னாலிருந்து தள்ளினாலோ ஆட்டம் எளிதாகிவிடும். திம்புளைப் பகுதியின் தேயிலை மிகச்சிறந்த சுவைபெறும் தை, மாசி மாதங்களின் உலர்காற்றுக்கும் இந்த ஆட்டத்தின் வெற்றிக்கும் இவ்வாறு ஓர் உறவு ஏற்பட்டு விடுகிறது! இன்னொன்று: காசல்ரீ அவ்வுலகில் நீராகவே அமைந்திருக்கிறதா என்பதை முன்கூட்டிப் பறந்து பார்த்துக்கொள்ள வேண்டும். சில பதிப்புகளில் சிறு நீர்நிலைகள் புல்வெளியாகவே கிடக்கும். அவ்வாறாயின், ‘அணைக்கட்டை நூறு மீட்டருக்குக் குறையாத உயரத்திற் கடந்தால் வெற்றி’ என்று முடிவை மாற்றிக்கொள்ளலாம்.

தொடக்கம், முடிவு, செய்யக்கூடாதது ஒன்று, தட்டுப்பாடு ஒன்று. இங்கே தட்டுப்பாடானது உயரம். வேறொன்றில் நேரமோ எரிபொருளோ ஆகலாம். இவற்றுக்குமேல் சேர்க்கச் சேர்க்க ஆட்டம் சிக்கலாகுமேயன்றிச் சிறப்பதில்லை. லயத்து முற்றத்தில் கிட்டிப்புள் ஆடும் சிறுவர் இதனை நன்கறிவர். குழி ஒன்று, கோல் ஒன்று, ‘வேலிக்கு அப்பால் விழுந்தால் ஆட்டமிழப்பு’ என்ற கூச்சல் ஒன்று. அவ்வளவே அவர்களுடைய சட்டப் புத்தகம்.

நாள் முழுவதும் கொழுந்து பறித்துவிட்டு வீடு திரும்பும் தாய் ஒருத்தி இதையெல்லாம் கேட்டால், ‘விளையாட்டிலும் ஓர் அளவு தேவையா?’ என வினவக்கூடும். நியாயமான வினாவே. தோட்டத்திலும் தொடக்கம் உண்டு, முடிவு உண்டு, இலக்கு உண்டு. நாளொன்றுக்கு 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் மாறுபடும் அந்த இலக்கை எட்டாவிடின் அரைப்பேர்தான் விழும். எட்டியபின் பறிக்கும் மேலதிகக் கொழுந்துக்குக் கைக்காசு உண்டு. வடிவத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால், கொழுந்துக்கு அளவு வகுத்தவர் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலையேறுவதில்லை. காடு மண்டிப் பராமரிப்பற்றுக் கிடக்கும் மலையானாலும், மழை விடாத நாளானாலும், தராசு அதே எண்ணையே கேட்கும். விளையாட்டில் சவால் வகுப்பவர்களிடையே எழுதப்படாத வழக்கம் ஒன்றுண்டு: வகுத்தவரே முதலில் ஆடிப் பார்த்தல் வேண்டும். தம்மால் ஒருமுறையேனும் செய்துகாட்ட முடியாததைப் பிறருக்கு விதித்தல் தகாது. இயலாதெனக் கண்டால் 3,870ஐ 4,100 ஆக்கத் தடையில்லை. அளவைத் தொட்டு மாற்றும் உரிமை ஆடுபவர் கையில் இருப்பதே அதனை விளையாட்டாக வைத்திருக்கிறது. தராசின் முன் நிற்பவருக்கு அவ்வுரிமை எந்நாளும் இருந்ததில்லை.

மலைநாட்டு வானம் எப்போதும் விளையாட்டுக்குரியதாக இருந்ததுமில்லை. 1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரவு, இந்தோனேசியாவிலிருந்து மக்காவுக்குச் செல்லும் யாத்திரிகர்களை ஏற்றி வந்த டச்சு விமானம் ஒன்று, கொழும்பில் இறங்குவதற்காகத் தாழ்ந்து வந்தது. தாம் விமான நிலையத்துக்கு எவ்வளவு அண்மையில் இருக்கிறோம் என்பதை ஓட்டிகள் பிழையாக மதிப்பிட்டனர். நோர்ட்டன் பிரிட்ஜை அடுத்த ஏழு கன்னியர் மலையில் விமானம் மோதிற்று. பயணிகள் 182 பேரும் பணியாளர் 9 பேரும் ஆக அதிலிருந்த 191 பேரும் மாண்டனர். அவ்விமானத்தின் சக்கரம் ஒன்று இன்றும் நோர்ட்டன் பிரிட்ஜில் நினைவுச் சின்னமாக வைக்கப்பட்டிருக்கிறது.

அந்த விபத்தை அப்படியே மீள நடித்துக் காட்டும் ஆட்டம் ஒன்றை வகுப்பது முறையாகாது. மாண்டோரின் துயரம் பொழுதுபோக்குக்குரிய பொருளன்று. ஆயினும் அவ்விரவு எழுப்பிய வினாவைச் சவாலாக்குவதிற் குற்றமில்லை. நான் இப்போது எங்கே இருக்கிறேன் என்பதே அவ்வினா. இரவு வேளை, நிலப்படத்தை மூடிவைத்துவிட வேண்டும், கைவசம் திசைகாட்டியும் கடிகாரமும் வேகமானியும் மாத்திரம். கிழக்குக் கரையிலிருந்து புறப்பட்டு மேற்கு நோக்கி வருபவர், மலைகளைக் கடந்துவிட்டோம் என்று தாம் நம்பும் கணத்தில் ஆட்டத்தை நிறுத்திப் படத்தைத் திறந்து பார்க்க வேண்டும். அதுவரை தாழக்கூடாது என்பதே விதி. முதன்முறை ஆடுபவர் மலைக்கு நேர்மேலே இருந்துகொண்டே, சமவெளிக்கு வந்துவிட்டதாக எண்ணுவது எளிது. காற்று எதிர்முகமாக வீசிற்றாயின், வேகமானி காட்டும் எண்ணுக்கும் நிலத்தின்மேல் உண்மையாகக் கடந்த தொலைவுக்கும் உள்ள இடைவெளி நிமிடத்துக்கு நிமிடம் பெருகிக்கொண்டே போகும். புத்தகத்தில் பத்துப் பக்கம் படித்தாலும் மனத்திற் பதியாத உண்மை, படத்தைத் திறக்கும் அந்த ஒரு கணத்தில் பதிந்துவிடும்.

சவாலை எழுதி வைத்தல் தனியொரு கலை. அரைப்பக்கத்துக்கு மேற்படாமல், தமிழில் எழுதலாம். அவ்வாறு எழுதும்போது ஒரு நன்மையும் விளைகிறது. கணினியுலகத்து நிலப்படத்தில் தோட்டங்களுக்குப் பெயர் இருந்தால், அது பெரும்பாலும் ஸ்கொத்லாந்துத் துரைமார் தம் ஊர் நினைவாக இட்ட பெயராகவே இருக்கும். அத்தோட்டத்தை வெட்டித் திருத்தியவர்கள் அதற்கு வேறு தமிழ்ப் பெயர் வைத்திருந்தனர். மேமலைக் கணக்கு, பணியக் கணக்கு என்று பிரிவுகளையும் அவர்கள் வாயால் வழங்கினர். லயங்கள் பல அவ்வுலகில் தோன்றுவதே இல்லை. தோன்றினும் ஏதோவொரு கூரையாகத் தோன்றும். ‘பணியக் கணக்குக் கோயிலுக்கு நேர்மேலே இடப்புறம் திரும்புக’ என்று ஒருவர் எழுதிவிட்டால், விண்ணோடத்தின் றேடாரும் அறியாத பெயர் ஒன்று அந்த உலகில் ஏறிவிடுகிறது. எழுதியதைப் பக்கத்து லயத்து நண்பரிடம் கொடுத்து, வாய்திறந்து விளக்கம் ஒன்றும் சொல்லாமல், அவர் ஆடுவதைப் பார்த்திருக்க வேண்டும். அவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே எழுத்துப் பிழைத்தது என்பது தெளிவு.

புதிதாகத் தொடங்குபவர்க்கு இரவுப் பயணமும் எஞ்சின் நின்ற சறுக்கலும் வேண்டா. அவர்களுக்கு ஏற்றது புகைவண்டிப் பாதை. 1884இல் அட்டனையும், மறு ஆண்டில் நானுஓயாவையும் எட்டிய அந்த இருப்புப்பாதை, சரிவுகளை வளைந்து வளைந்து தழுவி ஏறுகிறது. அட்டனிலிருந்து புறப்பட்டு, பாதையைக் கண்ணினின்று தவறவிடாமல், கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை, கிரேட் வெஸ்டர்ன், ரதெல்ல, நானுஓயா, அம்பேவெல என ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் அதன்மேல் வரும்போது உரக்கச் சொல்லி, பட்டிப்பொலவை அடைய வேண்டும். தொடங்கியவுடனேயே ஒரு பொறி உண்டு: அட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே இருப்புப்பாதை சிங்கமலைச் சுரங்கத்தினுட் புகுந்து மறைந்துவிடும். அரைக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட அச்சுரங்கத்தின் மறுவாயிலை வானத்திலிருந்து ஊகித்தறிய வேண்டும். புகைவண்டியில் அவ்வழியே நூறுமுறை சென்றவர்களும் இவ்விடத்தில் திகைப்பர். உள்ளிருந்தபோது இருளை மாத்திரமே கண்டவர்கள் அல்லவா!

பட்டிப்பொல 6,226 அடி உயரத்தில் அமைந்த நிலையம். இலங்கையின் புகைவண்டி நிலையங்களுள் அதனினும் உயர்ந்தது வேறில்லை. அங்கே இறங்கச் சமதரை இல்லை. சற்றுத் திரும்பினால் அம்பேவெலப் பண்ணையின் புல்வெளி தென்படும். மெல்லிய காற்றில் எஞ்சின் வலுக்குன்றி இருக்குமாதலால், முன்னதாகவே வேகத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டு அப்புல்வெளியில் இறங்கலாம். சக்கரங்கள் தரையிற் பதிந்து விமானம் நின்றபின், உயரமானியைப் பார்க்கும் சிறுவன் அது பழுதடைந்துவிட்டதென்றே நினைப்பான். புல்லின்மேல் நிற்கும் விமானம் ஏறக்குறைய 6,000 அடி உயரத்திற் பறப்பதாக அது காட்டிக்கொண்டிருக்கும்.